கேப்டனின் ஆயிரமாவது நாள்

இந்த இனத்தைப் பார்க்க நீங்கள் காடு மலை ஏற வேண்டியதில்லை. உங்கள் வீட்டுச் சோபாவிலேயே ஒன்று கால் நீட்டிக் கிடக்கலாம். சாதாரண நாட்களில் இதை மற்ற மனிதர்களிடமிருந்து பிரித்துச் சொல்வது கஷ்டம். சாப்பிடும், வேலைக்குப் போகும், பல் வலித்தால் முனகும். ஆனால் அது ஆடுகிற இணைய விளையாட்டின் சர்வர் ஒரு நாள் விழட்டும், அப்போது பாருங்கள். ஊரையே வாரக் கணக்கில் காக்க வைத்துவிட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த அதே பிராணி, தான் நாலு மணி நேரம் காத்திருக்க நேர்ந்ததும், உரிமை என்றும் நியாயம் என்றும் வெளிப்படைத்தன்மை என்றும், இதுவரை அதன் வாயில் நுழைந்தே இராத வார்த்தைகளையெல்லாம் வரிசையாக எடுத்துவிட்டுத் தொண்டை கிழியக் கத்தும். மற்றவர்களைக் காக்க வைப்பதில் சமர்த்து. தான் காத்திருப்பதில் கைக்குழந்தை.

இந்த இனத்தில் குறையே சொல்ல முடியாத ஒரு மாதிரி வேண்டும் என்றால் கேப்டனை எடுத்துக்கொள்ளலாம்.

கேப்டன் என்பது கோட்டை விளையாட்டில் அவர் பெயர். நாற்பது பேர் கொண்ட அணிக்குத் தலைவர். வயது அதில் இருபத்திரண்டு, தொழில் விமானி, உயரம் ஆறடி. சோபாவில் வயது நாற்பத்து மூன்று, உயரம் பற்றி அவரிடம் கேட்காமல் இருப்பது நல்லது. தொழில், குடிநீர் வழங்கல் அலுவலகத்தில் புகார்ப் பிரிவு எழுத்தர். "எங்க தெருவுல தண்ணி வரலை சார்" என்று யார் கூப்பிட்டாலும் போனை எடுக்கிறவர் அவர்தான்.

எடுத்து என்ன செய்வார்? மூன்று வாக்கியம் சொல்வார். "பதிவு பண்ணிக்கிட்டோம் சார்." "ஆளுங்க வேலை பார்த்துக்கிட்டு இருக்காங்க." "கூடிய சீக்கிரம் வந்துரும்." பதினெட்டு வருஷமாக இந்த மூன்றைத்தான் சொல்லிவருகிறார். புகார் கணினியில் ஏறியதும் சிவப்பாகத் தெரியும். மாலை ஐந்து மணிக்கு மேலாளர் அந்தப் பக்கம் வந்து, திரையில் 'நிலுவை' என்ற இடத்தை மட்டும் எட்டிப் பார்ப்பார். அங்கே பூஜ்யம் இருந்தால் அவருக்கு ராத்திரி நல்ல தூக்கம் வரும். மேலாளரின் தூக்கத்தைக் கெடுக்கிற அளவுக்குக் கேப்டன் கல்நெஞ்சர் இல்லை. நாலு ஐம்பதுக்கு ஒரு பொத்தானை அழுத்துவார். எல்லாச் சிவப்பும் பச்சையாகி, ஒவ்வொன்றின் எதிரிலும் 'குறை சரிசெய்யப்பட்டது' என்று விழும். மறுநாள் காலையில் அதே ஆள் கூப்பிடுவார், அதே எண் மறுபடி சிவக்கும். காலையில் பழுத்துச் சாயங்காலம் காயாகிற தக்காளியை நீங்கள் கேப்டனின் கணினியில் மட்டும்தான் பார்க்கலாம்.

இதில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. ஐந்து மணிக்குச் சிவப்பாக இருக்கிற புகாருக்குத்தான் கணினி சீட்டு அச்சடிக்கும். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டுதான் பின்கட்டில் இருக்கும் வால்வுக்காரர் தெருவுக்குப் போவார். சிவப்பு இல்லையென்றால் சீட்டு இல்லை. சீட்டு இல்லாமல் வால்வுக்காரர் நாற்காலியை விட்டு எழுந்ததாக அலுவலகத்தில் யாருக்கும் ஞாபகம் இல்லை. நேரில் வந்து மேஜையைத் தட்டியவர்களுக்கு மட்டும் ஏதோ நடக்கும்.

அந்தச் சமயத்தில் விடாக்கண்டன் ஒருவர் தினமும் மூன்று வேளையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வணக்கம் சொல்ல மாட்டார், பெயர் சொல்ல மாட்டார். கேப்டன் போனை எடுத்ததும், "எஸ் டபிள்யூ ஸ்லாஷ் ஏழு நாலு ஒண்ணு ஒம்பது சைபர் சைபர் ரெண்டு ஆறு" என்று புகார் எண்ணை ஒரே மூச்சில் ஒப்பிப்பார். அப்புறம், "இன்னிக்கும் வரலை சார். லாண்டரிக் கடை சார் என்னோடது. தண்ணி இல்லாம என்ன பண்றது?" என்பார். கேப்டன் மூன்று வாக்கியத்தையும் சொல்லி வைத்துவிடுவார். புதிதாகப் புகார் எழுதிக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். எதற்கு? "அதே நம்பர் போதும் சார், ஞாபகம் வெச்சுக்கோங்க" என்று முதல் நாளே சொல்லியாகிவிட்டது. அவரும் ஞாபகம் வைத்துக்கொண்டார். தினம் மூன்று தடவை கேட்டதில் கேப்டனுக்கும் ஞாபகமாகிவிட்டது. கல்யாண நாளை மறந்து வருஷா வருஷம் வாங்கிக் கட்டிக்கொள்கிற மனிதருக்கு இந்த எண் மட்டும் குளிக்கும்போதெல்லாம் வாயில் வந்தது.

இனி விளையாட்டுக்கு வருவோம். கோட்டை விளையாட்டில் தினமும் ஒரு தடவையாவது உள்ளே தலைகாட்டினால் அது ஒரு வருகை. ஒரு நாள் தவறினாலும் கணக்கு பூஜ்யத்துக்குப் போய்விடும். ஆயிரம் நாள் தொடர்ந்து வந்தவருக்குத் தங்கத் தலைக்கவசம். அதைப் போட்டுக்கொண்டால் அம்பு படாதா? படும். கத்தி இறங்காதா? நன்றாக இறங்கும். தங்க நிறத்தில் இருக்கும், அவ்வளவுதான். ஆனால் உலகத்தில் பதினோரு பேரிடம்தான் அது இருக்கிறது. பன்னிரண்டாவது ஆளாக வேண்டும் என்பதற்காகக் கேப்டன் காய்ச்சலில் வந்திருக்கிறார், மச்சினன் கல்யாணத்தில் மேடைக்குப் பின்னால் நின்று வந்திருக்கிறார், மனைவி பிரசவ வார்டில் இருந்தபோது வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வந்திருக்கிறார். அன்றைக்கு, "பொண்ணு பொறந்திருக்கு" என்று நர்ஸ் வந்து சொன்னபோது, "ஒரு நிமிஷம்" என்றாராம். இதை அவர் மனைவி இன்னும் மறக்கவில்லை.

இவ்வளவு இருந்தும் சில நாள் தவறத்தான் பார்க்கும். அதற்காக அணியில் ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. நாற்பது பேரும் தங்கள் கடவுச்சொல்லை வாட்ஸப் குழுவில் போட்டுவிடுவார்கள். மௌனி என்று ஒரு உறுப்பினர் அதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, வர முடியாதவர்களுக்காக அவர்கள் பெயரில் உள்ளே போய்த் தலைகாட்டிவிட்டு வருவார். கல்லூரியில் நண்பனுக்காக 'உள்ளேன் ஐயா' சொன்னதைப் போலத்தான். விளையாட்டின்போது மற்றவர்கள் மைக்கில் கத்துவார்கள், இவர் மைக்கைத் திறந்ததே இல்லை. அதனால்தான் மௌனி. அதிலும் கடந்த இரண்டு வாரமாக மனிதர் பகல் முழுக்க விளையாட்டிலேயே இருந்தார். கேப்டன் நெகிழ்ந்துபோய்க் குழுவில் குரல் பதிவு போட்டார்: "மௌனியைப் பாருங்கடா! காலையில பத்து மணிக்கே கோட்டை வாசல்ல வந்து நிக்கறாரு. அதுக்குப் பேருதான் அர்ப்பணிப்பு!"

ஒரு திங்கட்கிழமை காலை, கேப்டனுக்குத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஆறாவது நாள் நடக்கும்போது, கோட்டை விளையாட்டை நடத்துகிற நெட்வொர்க் விழுந்தது.

முதல் மணி நேரத்தில் கேப்டன் வீட்டு மோடத்தைத் திட்டினார். இரண்டாவது மணி நேரத்தில் மோடத்தைப் பிடுங்கி மாட்டினார். மூன்றாவதில், பல் மருத்துவமனையில் வரவேற்பாளராக இருக்கும் மனைவி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, அவளுக்குப் பின்னாலேயே வாசல் வரை வந்தார்.

"கேட்டியா, ஒரு தகவல் இல்லை. ஒரு மன்னிப்பு இல்லை. லட்சக்கணக்கான பேர் காத்துக்கிட்டு இருக்கோம். மனுஷங்களா இவனுங்க?"

"என்னங்க, உங்களுக்கு ஆபீஸ் இல்லையா?" என்றாள் அவள். "அங்கயும் யாராவது காத்துக்கிட்டு இருப்பாங்கல்ல?"

"அது வேற, இது வேற."

எப்படி வேறு என்று அவள் கேட்கவில்லை. பஸ் வந்துவிட்டது.

வாட்ஸப் குழு அன்று பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. ஒருவர், "நான் அப்பவே சொன்னேன்" என்றார். எப்போது சொன்னார் என்று யாருக்கும் தெரியவில்லை. இன்னொருவர், "இனி இந்த விளையாட்டே வேண்டாம், வாழ்க்கை பெரிது" என்று எழுதிவிட்டுக் குழுவிலிருந்து வெளியேறினார்; அரை மணியில் திரும்பி வந்து, "ஏதாவது தெரிஞ்சுதா?" என்றார், சாயங்காலத்துக்குள் இப்படி மூன்று துறவறம் முடிந்திருந்தது. கேப்டனின் மச்சினனும் அணியில் உண்டு. கேப்டன் அவனை மச்சான் என்று கூப்பிட, அணியில் மற்ற முப்பத்தெட்டு பேரும் அதையே பிடித்துக்கொண்டு மச்சான் என்றார்கள். அந்த மச்சான், இதன் பின்னால் ஒரு பெரிய நாடு இருப்பதாகவும் பெயரைச் சொன்னால் தன் உயிருக்கு ஆபத்து என்றும் தெரிவித்தான். மளிகைக் கடையில் பில் போடுகிறவன் உயிரை ஒரு பெரிய நாடு ஏன் எடுக்கிறது என்று நீங்களும் நானும் கேட்போம். குழுவில் யாரும் கேட்கவில்லை.

பகலில் நெட்வொர்க் முதல் அறிக்கையை விட்டது. முப்பத்தொன்பது பேரும் அதைப் படித்து ஆறுதல் அடைந்தார்கள். கேப்டன் மட்டும் சிரித்தார். பதினெட்டு வருஷம் அந்தப் பாஷையைப் பேசியவருக்கு அதைப் புரிந்துகொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? குழுவில் உடனே பொழிப்புரை வந்தது.

"'ஆய்வு செய்துவருகிறோம்' அப்படின்னா, என்ன ஆச்சுன்னே அவங்களுக்குத் தெரியலைன்னு அர்த்தம். 'குழுவினர் தொடர்ந்து பணியாற்றிவருகின்றனர்' அப்படின்னா, ஒரே ஒருத்தன் இருக்கான், அவனும் இப்ப சாப்பிடப் போயிருக்கான். 'கூடிய விரைவில்' அப்படின்னா தேதியே கிடையாது. 'உங்கள் பொறுமைக்கு நன்றி' அப்படின்னா, இனிமே கூப்பிடாதே."

குழு பிரமித்துவிட்டது. "கேப்டன், இதெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கறீங்க?" என்று கேட்டவருக்கு, "அனுபவம்" என்று ஒற்றைச் சொல்லில் பதில் எழுதிவிட்டு, மேஜையில் அடித்த போனை எடுத்தார்.

"எஸ் டபிள்யூ ஸ்லாஷ் ஏழு நாலு ஒண்ணு..."

"பதிவாகி இருக்கு சார். ஆளுங்க வேலை பார்த்துக்கிட்டு இருக்காங்க. கூடிய சீக்கிரம்" என்று சொல்லி வைத்தார். அவர் குரலில் எந்த உறுத்தலும் இல்லை. ஏன் இருக்க வேண்டும்? அது வேறு, இது வேறு.

செவ்வாய்க்கிழமை உண்மை வெளியே வந்தது. திருடர்கள் நெட்வொர்க்குக்குள் புகுந்து, ஆடுகிறவர்களின் பெயர், பிறந்த தேதி, உயரம், தொழில், கடவுச்சொல் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். கேப்டன் கொதித்துவிட்டார். "என் அந்தரங்கம் போச்சு! என்னைப் பத்தின அத்தனை விவரமும் எவன் கையிலயோ இருக்கு!" என்று கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தார். இருபத்திரண்டு வயது, ஆறடி உயரம், விமானி. அவரைப் பற்றித் திருடு போனதில் ஒன்றுகூட உண்மை இல்லை. கோபம் மட்டும் அசல்.

புதன்கிழமை அவர் நெட்வொர்க்குக்கு ஏழு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினார். 'நாங்கள் வெறும் எண்கள் அல்ல, மனிதர்கள்' என்று அது தொடங்கியது. ஐந்தாவது பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தபோது மணி நாலு ஐம்பது ஆகிவிட்டது. எழுதுவதைச் சற்று நிறுத்தி, பொத்தானை அழுத்தி, அறுபத்து மூன்று மனிதர்களைப் பச்சையாக்கிவிட்டு, ஆறாவது பக்கத்துக்குப் போனார்.

வியாழக்கிழமை நல்ல செய்தி வந்தது. மறுநாள் நண்பகலில் விளையாட்டு திறக்கும். மூடியிருந்த நான்கு நாளும் வந்ததாகவே கணக்கில் சேரும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. எல்லோரும் இன்றைக்கே புதுக் கடவுச்சொல் போட்டுக்கொண்டு, நாளை மாலை ஆறு மணிக்குள் உள்ளே வந்துவிட வேண்டும், வராதவர்களின் கணக்கு பூஜ்யம். அந்த நெட்வொர்க்கின் நாள் மாலை ஆறு மணிக்கு முடிகிறது, அது அவர்கள் தேசத்துக் கணக்கு. கேப்டன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். வெள்ளிக்கிழமை ஆயிரமாவது நாள்.

புதுக் கடவுச்சொல்லில் எழுத்து இருக்க வேண்டும், எண் இருக்க வேண்டும், ஒரு குறியும் இருக்க வேண்டும், யாராலும் ஊகிக்க முடியாததாகவும் இருக்க வேண்டும். கேப்டன் கண்ணை மூடினார். தன் பிறந்த நாள் எல்லோருக்கும் தெரியும். மகளின் பிறந்த நாள் அவருக்கே சந்தேகம். அப்போது குளியலறையில் வாயில் வருகிற அது வந்தது. எழுத்து இருக்கிறது, எண் இருக்கிறது, நடுவில் குறிகூட இருக்கிறது! தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு அதைப் பதிந்தார். பதிந்த கையோடு வழக்கப்படி குழுவிலும் போட்டார். மற்ற முப்பத்தொன்பது பேரின் புதுக் கடவுச்சொல்லும் சரசரவென்று வந்து விழுந்தது.

மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "பாஸ்வேர்டு திருடு போச்சுன்னுதானே புதுசு போட்டீங்க?"

"ஆமா."

"அதை ஏங்க நாப்பது பேர் முன்னாடி தூக்கிப் போடறீங்க?"

"நம்ம ஆளுங்கதானே."

"அதுல ஒருத்தர் மூஞ்சியாவது பார்த்திருக்கீங்களா? என் தம்பியைத் தவிர?"

"ஒரு அணின்னா என்னன்னு உனக்குப் புரியாது" என்றார் கேப்டன். அவளும் புரிந்துகொள்ள முயலாமல் போய்த் தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அவர் மேஜை இழுப்பறைக்குள் போனை வைத்துக்கொண்டு, புகார் எண்ணை மெதுவாகத் தட்டினார். 'கடவுச்சொல் தவறு.' தப்பாகத் தட்டியிருக்க வேண்டும், மறுபடி. 'கடவுச்சொல் தவறு.' ஐந்து தடவை ஆனதும், 'உங்கள் கடவுச்சொல் இன்று காலை மாற்றப்பட்டுள்ளது' என்று வந்தது. கேப்டன் உடனே உதவிப் பிரிவுக்கு எழுதினார். ஒரு நொடியில் பதில் வந்தது: 'உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது. எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் தீர்வு காணப்படும். உங்கள் பொறுமைக்கு நன்றி.'

மூன்று மணி வரை திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தார்; அதே பதில்தான் வந்தது. பொழிப்புரை எழுத அவருக்குத் தெம்பு இல்லை. குழுவில், "என் அக்கவுண்டை எவனோ தூக்கிட்டான்! அப்பவும் இவனுங்க எழுபத்திரண்டு மணி நேரம்னு சொல்றானுங்க! ஒரு மனுஷன் தவிக்கறது தெரியலையா?" என்று அலறினார். முப்பத்தெட்டு பேர் அழும் முகங்களை அனுப்பினார்கள். அதே நேரம் மேஜை போன் அடித்தது.

"எஸ் டபிள்யூ ஸ்லாஷ் ஏழு நாலு ஒண்ணு ஒம்பது..."

"சார், சார்! நான் இப்ப பெரிய அவசரத்துல இருக்கேன். அப்புறம் கூப்பிடுங்க."

"உங்க அவசரத்தைப் பத்திப் பேசத்தான் கூப்பிட்டேன், கேப்டன்."

அலுவலகத்தில் அவரைக் கேப்டன் என்று கூப்பிட ஆள் கிடையாது. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"யாரு பேசறது?"

"மௌனி."

"மௌனியா! நீங்க பேசுவீங்களா?"

"பத்தொம்பது நாளா உங்ககிட்ட மட்டும்தான் பேசிக்கிட்டு இருக்கேன்."

கேப்டன் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நேத்து உங்க புது பாஸ்வேர்டை நோட்டுல எழுத உட்கார்ந்தேன்" என்றது குரல். அதில் கோபம் இல்லை, அதுதான் கேட்கச் சகிக்கவில்லை. "பாதி எழுதறதுக்குள்ளயே கை தானா மீதியை எழுதிடுச்சு. அப்புறம்தான் என்ன எழுதியிருக்கேன்னு பார்த்தேன். நம்ம கேப்டன்தானா இதுன்னு ராத்திரி பூரா மனசு ஆறலை. கடையில மிஷின் சத்தமா இருக்கும், அதான் நான் மைக் போடறதில்லை. இப்பச் சத்தமே இல்லை, கேட்டுப் பாருங்க."

கேட்டார். மறுமுனையில் ஒரு சத்தமும் இல்லை. அர்ப்பணிப்பு என்று தான் புகழ்ந்தது என்ன என்று அப்போது அவருக்குப் புரிந்தது. தண்ணீர் இல்லை, துணி இல்லை, வேலை இல்லை. பத்து மணிக்கே கோட்டை வாசலில் வந்து நிற்காமல் அந்த மனிதர் வேறென்ன செய்வார்?

"ரெண்டு ஆஸ்பத்திரிக்குப் படுக்கை விரிப்பு துவைச்சுக் கொடுத்துக்கிட்டு இருந்தேன். ஒண்ணு வேற ஆள்கிட்டப் போயிடுச்சு. இன்னொண்ணு திங்கக்கிழமை வரைக்கும் டயம் கொடுத்திருக்கு. அதுவும் போச்சுன்னா கடையை மூட வேண்டியதுதான்."

"மௌனி, தப்புதான், ஒத்துக்கறேன். நான் பார்த்துக்கறேன். முதல்ல அந்தப் பாஸ்வேர்டை..."

"உங்க கோரிக்கையைப் பதிவு பண்ணிக்கிட்டேன்."

"ஐயோ, மௌனி! ஆறு மணிக்குள்ள..."

"ஆளுங்க வேலை பார்த்துக்கிட்டு இருக்காங்க."

"எப்பதான் கொடுப்பீங்க?"

"கூடிய சீக்கிரம்" என்று சொல்லிவிட்டு மௌனி போனை வைத்தார்.

கூடிய சீக்கிரம் என்றால் என்ன அர்த்தம் என்று முப்பத்தொன்பது பேருக்கு விளக்கியவர் அவர். அவருக்கு விளக்க யாரும் தேவைப்படவில்லை.

பதினெட்டு வருஷத்தில் முதல் முறையாகக் கேப்டன் ஒரு புகாரைத் திறந்து முழுசாகப் படித்தார். தெரு முனையில் குழாய் ஒழுகியிருக்கிறது. அதை அடைக்க வால்வை மூடியிருக்கிறார்கள். ஒழுகலை அடைத்தாகிவிட்டது. வால்வைத் திறக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். ஐந்து மணி அச்சுக்குக் காத்திராமல் சீட்டைக் கையாலேயே எழுதிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினார். வால்வுக்காரர் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கிளம்புங்க, அவசரம்!"

வால்வுக்காரர் சீட்டை வாங்கி, கண்ணாடியை எடுத்து மாட்டி, எழுத்துக் கூட்டிப் படித்தார். "இதுவா? நான் மூடின வால்வுதானே சார். சீட்டு வரட்டும், திறந்துடலாம்னு அன்னியிலேர்ந்து காத்துக்கிட்டு இருக்கேன். வரவே இல்லை. சரி, வேற யாரோ திறந்துட்டாங்கபோலன்னு விட்டுட்டேன்." பிறகு கேப்டனை மேலும் கீழும் பார்த்தார். "யாரு சார் வீடு அங்க? பெரிய இடமா?"

"ரொம்பப் பெரிய இடம்."

வால்வுக்காரரின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து, மடியில் வால்வு திறக்கிற இரும்புச் சாவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வழியில் பெட்ரோல் தீர்ந்து பங்க் வரை பாதித் தூரம் தள்ளிக்கொண்டு, கேப்டன் அந்தத் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தே கால். லாண்டரி திறந்துதான் இருந்தது. உள்ளே நாலு மிஷினும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா நின்றன. அலமாரிகள் காலி. மோடாவில் உட்கார்ந்திருந்த மெலிந்த மனிதர் எழுந்து வந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எத்தனையோ கோட்டைகளைச் சேர்ந்து பிடித்தவர்கள், சந்திப்பது இதுதான் முதல் தடவை.

"உயரமா இருப்பீங்கன்னு நினைச்சேன்" என்றார் மௌனி.

வால்வுக்காரர் குழியின் மூடியைத் தூக்கி, சாவியை இறக்கி, முப்பது சுற்றுச் சுற்றினார். மொத்தம் பன்னிரண்டு நிமிஷ வேலை. பன்னிரண்டு நிமிஷ வேலைக்குப் பத்தொன்பது நாள். கடைக்குள் குழாய் இருமியது, காற்று வந்தது, அப்புறம் செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தது.

"வந்துருச்சு! மௌனி, பாஸ்வேர்டு!"

"கலங்கலா இருக்கே கேப்டன். இதுல வெள்ளை விரிப்பைப் போட முடியுமா? தெளியட்டும்."

ஐந்து நாற்பது. செம்மண் தேநீராயிற்று. ஐந்து நாற்பத்தெட்டு. தேநீர் வெளுத்தது. தண்ணீரை இப்படிக் கண்கொட்டாமல் குடிநீர் வழங்கல் அலுவலகத்திலிருந்து எவரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஐந்து ஐம்பத்து நாலுக்கு மௌனி ஒரு டம்ளரில் பிடித்து, வெளிச்சத்தில் காட்டி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, துணி ரசீதுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தார். 'கூடியசீக்கிரம்/19.'

கேப்டன் இரண்டு தடவை தப்பாக அடித்தார். மூன்றாவது தடவை கோட்டைக் கதவு திறந்தது. ஐந்து ஐம்பத்தெட்டு. ஆயிரம். திரையில் பட்டாசு வெடித்து, ஒரு சின்னப் பொம்மையின் தலையில் தங்க நிறத்தில் ஒன்று வந்து உட்கார்ந்தது. கேப்டன் துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்து தேம்பினார். பின்னால் முதல் மிஷின் ஓடத் தொடங்கியிருந்தது.

இதோடு மனிதர் திருந்திவிட்டார் என்று முடித்தால் உங்களுக்கும் திருப்தியாக இருக்கும், எனக்கும் வேலை குறையும். ஆனால் மொபெட்டில் திரும்பும்போதே அவர் குழுவில் எழுதினார்: "நெட்வொர்க்கோட மேலிடத்துல நேரடியாப் பேசினேன். ஒரு மிரட்டு மிரட்டினேன். அரை மணியில கணக்கைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க." முப்பத்தெட்டு பேர் கைதட்டினார்கள். மௌனி வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல் ஒரு கட்டைவிரலை மட்டும் உயர்த்தினார்.

சனிக்கிழமை காலை போன் அடித்தது. தண்ணீர் வரவில்லை என்று வேறொரு தெருவிலிருந்து ஒரு அம்மாள். கேப்டன் வழக்கமான மூன்றைச் சொல்ல வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார். அணியில் மச்சானையும் மௌனியையும் விட்டால் இன்னும் முப்பத்தேழு பேர். யார் எந்தத் தெரு? யாருடைய நோட்டில் எந்த எண்? ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரியாதே! தொண்டையைக் கனைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, மிகுந்த மரியாதையுடன் கேட்டார்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. நீங்க கோட்டை விளையாட்டு ஆடறதுண்டா?"

அன்றிலிருந்து இது அவருடைய நாலாவது வாக்கியம். ஆடுகிறேன் என்று சொன்னவர்கள் வீட்டில் அன்றைக்கே தண்ணீர் வருகிறது. இல்லை என்றவர்கள் நாலு ஐம்பதுக்குப் பச்சையாகிறார்கள். விஷயம் மெல்ல வெளியே கசிந்து, இப்போது அந்த ஊரில் எழுபது வயதுக்காரர்கள்கூட பேரனிடம் கேட்டுக் கோட்டை விளையாட்டில் பெயர் பதிந்துகொண்டிருக்கிறார்கள்.

சிரிக்கிறீர்கள். நல்லது. நீங்கள் விளையாட்டே ஆடாதவர், இந்த இனத்துக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் கடைசியாக யாரிடம், "பார்த்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தீர்கள்? அவர் எத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்? அவர் சொல்லப்போகிற வார்த்தைகள், அவர் வாயைத் திறக்கும் முன்பே உங்களுக்கு மனப்பாடமாகத் தெரியுமா?

தெரியும் என்றால், தயவுசெய்து அதைக் கடவுச்சொல்லாக மட்டும் வைத்துவிடாதீர்கள்.